இரண்டு விரக்கடை

பைக் ஹேண்டில்பாரின் நான்கு போல்ட்டில் மூன்று சொன்ன பேச்சைக் கேட்டன. நான்காவது துருப்பிடித்து அடம் பிடித்தது.

தையல் மெஷின் எண்ணெயை எடுத்து வந்து இரண்டு சொட்டு விட்டாள். எத்தனையோ மக்கர் மெஷின்களை வழிக்குக் கொண்டுவந்த எண்ணெய். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி திருகினாள்.

வந்துவிட்டது.

பழைய ஹேண்டில்பாரைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். லடாக்கில் லே வரைக்கும் போய்வந்த கம்பி. போன வழியெல்லாம் பின்சீட்டில் அவள் இருந்தாள்.

அவள் கணவர் குமரவேல் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக ஒரே பக்கம்.

பதினோரு மணிக்கு உடுமலையிலிருந்து ஆள் வருகிறான். பிடித்திருந்தால் வண்டியை இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். வரச் சொன்னது அவர்தான்.

போன ஐப்பசியில் ஆழியாற்று வளைவில் வண்டியோடு விழுந்தார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது கை முன்னால் முழுசாக நீளாது. வண்டி ஓட்டலாம், எட்டிப் பிடிக்கத்தான் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து ஒரு நாள் ஏறிப் பார்த்தவர், வண்டி எட்டவில்லை, விற்றுவிடலாம் என்று முடித்துவிட்டார்.

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. உக்கடம் போய் உயரமாக, பின்பக்கம் வளைந்த ஹேண்டில்பார் ஒன்றை வாங்கிவந்தாள்.

விற்கிற வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். விற்கிற பொருள் பார்வையாக இருக்கட்டுமே என்றாள். பொய்தான். வாய் கூசவில்லை.

இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கே தைத்துக் கொடுப்பவள். டேப் கழுத்தில் தொங்கும், கணக்கு மட்டும் விரக்கடைதான். ஒரு விரல் அகலம், இரண்டு விரல் அகலம். எவருக்கும் இரண்டு தோளும் ஒன்றுபோல் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

ஆறு மாதமாக அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வலது அக்குளில் இரண்டு விரக்கடை துணி கூட்டித் தைத்து மடித்து வைத்திருந்தாள். கை தேறிவிட்டது, சட்டை இப்போது சுலபமாக ஏறுகிறது என்று பக்கத்து வீட்டில் அவர் பெருமை பேசினார்.

பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

புதுக் கம்பியை வைத்து போல்ட்டுகளைப் பாதி இறுக்கினாள். கழற்றித் தொங்கவிட்டிருந்த பிரேக்கையும் கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் பூட்டினாள். அவரைக் கூப்பிட்டு ஏறி உட்காரச் சொன்னாள்.

ஏறினார். இரண்டு கையையும் வைத்தார். எட்டுகிறது என்றார்.

எட்டத்தான் செய்யும். இடுப்பை முன்னால் தள்ளிக் குனிந்திருந்தார். டேப்பை வைத்ததும் வயிற்றை எக்குகிற ஆட்களை அவள் தினமும் பார்க்கிறாள்.

"முதுகை நிமித்துங்க. கண்ணை மூடிட்டு, கையைச் சும்மா நீட்டுங்க."

இடது கை கைப்பிடியில் போய் உட்கார்ந்தது. வலது கை அந்தரத்தில் நின்றது.

இரண்டு விரக்கடை.

மலைமலையாக வண்டியை வளைத்து ஓட்டிய கை.

போல்ட்டைத் தளர்த்தினாள். கம்பியை அவர் பக்கமாக உருட்டினாள். இன்னும் கொஞ்சம். கைப்பிடி அவருடைய உள்ளங்கையைத் தொட்டது.

விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

இடது முழங்கை இப்போது கொஞ்சம் கூடுதலாக மடங்கியது. மடங்கினால் மடங்கட்டும். அந்தக் கைக்கு என்ன குறைச்சல்.

நான்கு போல்ட்டையும் இறுக்கினாள். வண்டியைக் கிளப்பி, ஹேண்டில்பாரை இடது கோடி வரைக்கும் திருப்பினாள். யாரும் முறுக்காமலே இன்ஜின் இரைந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது, அதை விட்ட வழி சரியில்லை என்றார். சொல்லிக்கொண்டே இறங்கி, டேங்கைத் தூக்கி, கேபிளை வேறு வழியாகக் கொண்டுவந்தார். கையெல்லாம் கரி. ஆறு மாதத்தில் இன்றுதான் வண்டி வேலையில் கை வைக்கிறார்.

கேபிள் விஷயம் அவளுக்கும் தெரிந்ததுதான். தெரிந்தே விட்டுவைத்தாளா என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

மறுபடி திருப்பிப் பார்த்தார்கள். சத்தம் ஏறவில்லை.

பதினோரு மணிக்குச் சரியாக உடுமலைக்காரன் வந்து நின்றான். ஆறடிக்கு மேல் இருப்பான், நல்ல மரியாதைக்காரன். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முகமெல்லாம் ஆசை. சாவியை வாங்கி, ஏறி உட்கார்ந்து திருப்பினான். கம்பி முட்டியில் இடித்தது.

"ஏனுங்ணா, ஹேண்டில்பார் மடி மேலயே வருதுங்களே. யார் அளவுங்க இது?"

அவள் சாமான்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சுவரோரம் சாய்ந்திருந்ததை அவன் பார்த்துவிட்டான். பழசையே மாட்டிக் கொடுத்தால் இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

மாட்டிவிடலாம். அரை மணி நேர வேலை. அவள் கையில் போல்ட் திருகும் அலன் கீ இருந்தது. அதைப் பெட்டியில் போடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குமரவேல் பழைய கம்பியைப் பார்த்தார்.

"அது எட்டாதுங்க தம்பி."

அவன் தன் நீளமான கைகளைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். "எனக்குங்களா?"

"எனக்கு."

அவன் கொஞ்சம் முழித்தான். அப்புறம் புரிந்துகொண்டு சாவியை நீட்டினான். மோர் குடித்துவிட்டுப் போனான்.

அவள் அலன் கீயைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். வலது கை கைப்பிடியில் இருந்தது. தலையைச் சாய்த்து, சட்டையின் அந்த அக்குள் பக்கத் தையலை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"சட்டையும் இப்படித்தானா அம்மிணி?"

அவள் பின்சீட்டுத் தூசியை முந்தானையால் தட்டிக்கொண்டிருந்தாள்.