மாடிப்படிக்குக் கீழே ஒரு புத்தகக் கடை

கணவனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபின் உட்கார முடியவில்லை செண்பகவல்லிக்கு. நாத்தனாரை வார்டு வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு, பழக்கமில்லாத அந்தப் பெருநகரத்தின் சந்து ஒன்றில் நடந்தாள். மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும் புத்தகக் கடை இருந்தது. கைக்கு வந்ததை எடுத்துப் பிரித்தாள். நிமிர்ந்தபோது பாதிப் புத்தகம் முடிந்திருந்தது. அவரை அடியோடு மறந்திருந்தாள். பதறிப்போய் போனை எடுத்தாள்.

“உள்ள டவர் கிடைக்காதும்மா, வெளிய போய்ப் பாருங்க,” என்றார் கடைக்காரர்.

தெருவுக்கு வந்ததும் போன் அடித்தது.

“எங்க போனீங்க அண்ணி? எத்தன தடவ கூப்பிடறது?” நாத்தனார் விம்மி அழுதாள். அது எந்த அழுகை என்று செண்பகவல்லிக்குப் பிடிபடவில்லை. படித்துக்கொண்டிருந்த பக்கத்துக்குள் விரல் இன்னும் செருகியே இருந்தது.

“சொல்லும்மா,” என்றாள்.