பதினைந்தில் பாதி

"சவரிநாதன்" என்று ஹவில்தார் கூப்பிட்டதும் மேஜை முன்னால் போய் "ஆஜர்" என்றேன்.

ராயபுரம் பள்ளிக்கூட மைதானத்தில் காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றவன், பதினொன்றரைக்குத்தான் மேஜையைத் தொட்டேன். பசி காதை அடைத்தது. ஆனால் மைதானத்து இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே ஃப்ளோரா நிற்கும்போது பசியாவது ஒன்றாவது.

அவள் கேட்டுவரச் சொன்னது ஒரே கேள்வி. எத்தனை வருஷம்?

கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் படிப்பாரே, அதுதான். மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. அதற்குள் பட்டாளத்திலிருந்து இந்தக் கார்டு வந்து தொலைத்தது. போன வருஷம் சீனாக்காரன் சண்டை நடந்தபோது ரத்தம் கொதித்துப் பேர் கொடுத்த வினை. பட்டாளம் அதை மறந்திருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

போகாமல் இருந்துவிட்டால் போலீஸ் வந்து இழுத்துப் போகும் என்று அம்மா சிலுவையம்மாள் நாலு நாளாக ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் இந்த வரிசை.

ஹவில்தார் லோகநாதன் வேலூர்ப் பக்கத்து ஆள். மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. காக்கிச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் மட்டும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா வேல தெரியும்?"

"லாரி ஓட்டுவேன் சார். டிரைவர் வேலயா பார்த்துப் போடுங்க."

"கார்டுல தையல்னு கீது?"

அடக் கடவுளே. ஹார்பரில் கிழிந்த கோணி மூட்டையைத் தைக்கிற வேலைக்கு அப்படி ஒரு பெயர் எழுதியிருந்தது.

"கோணித் தையலு சார். லாரி மேலதான் ஆசை."

அவர் முறைத்தார். நான் ஃப்ளோராவின் கேள்வியைக் கேட்டேன்.

"மொத்தம் பதினஞ்சு. ஏழு வருஷம் பட்டாளம். அப்பால எட்டு வருஷம் வூட்ல இருக்கலாம், கூப்ட்டா ஓடியாரணும்."

நல்லவேளையாக வீட்டில் ஏற்கெனவே ஒரு வழி பேசி வைத்திருந்தோம்.

ஹார்பரில் நாங்கள் செய்வதுதான். நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று, அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருத்தனுக்குக் காய்ச்சலென்றால் இன்னொருத்தன் வில்லையைக் குத்திக்கொண்டு பத்லியாகப் போவான். மேஸ்திரி நம்பரைப் பார்ப்பாரே தவிர மூஞ்சியைப் பார்க்க மாட்டார். மூட்டை இறங்கினால் அவருக்குச் சரி. எங்கள் தெருவில் இது ஒரு தப்பே இல்லை.

"சார், அண்ணன் பாதி, தம்பி பாதின்னு செஞ்சிக்கலாமா? பேரு ஒண்ணுதானே."

எனக்குப் பின்னால் நின்றவன் களுக்கென்று சிரித்தான். ஹவில்தார் சிரிக்கவில்லை.

"பட்டாளத்துல பத்லியா? அவன் அவன் வருஷத்த அவன் அவன்தான் முடிக்கணும், நைனா."

பிறகு என்ன தோன்றியதோ, டிராயரிலிருந்து ஊசிநூலை எடுத்து வைத்துவிட்டு, தொங்கும் பொத்தானோடு கையை மேஜை மேல் நீட்டினார்.

"தையல்காரன்தானே. தைச்சிக் காட்டு."

ஊசியில் நூலைக் கோக்கவே என் உயிர் போய்விட்டது. ஒருவழியாகக் கோத்து, பொத்தானைப் பிடித்து, முதல் குத்து குத்தினேன். அது நேரே அவர் மணிக்கட்டில் இறங்கியது.

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண் எல்லாம் கிரீஸ்.

"யாருடா நீ?"

"தம்பி சார். பாஸ்கல். லாரி ஷெட்டுல கிளீனரு. கார்டு சவரி அண்ணனோடது. ஞாயித்துக்கெழம அதுக்கு மூணாவது ஓலை. வூட்ல படுத்து அழுதுகினு கீது சார்."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் சிவப்புப் பென்சிலால் கார்டின் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"வராதவன் பேர அடிச்சிட்டு அடுத்தவனக் கூப்டுவோம். அவ்ளோதான். இதுக்கா காலைலேர்ந்து நின்னுகினு கீற?"

அவ்வளவுதானா. ஐந்தரை மணி நேரம் காய்ந்த எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. இரும்புக் கதவுக்கு ஓடினேன்.

"எத்தினி வருஷம் பாஸ்கலு?" கதவைப் பிடித்தபடியே ஃப்ளோரா கேட்டாள்.

"ஒரு வருஷமும் இல்ல அண்ணி. பேர அடிச்சிட்டாங்க. போய் அண்ணன எழுப்பு."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள், சிரித்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்தாள், எல்லாம் ஒரே நேரத்தில். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவள், பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் கதவுக்கு உள்ளேயே நின்றிருந்தேன்.

"நீ வரல?"

போன வருஷம் அண்ணன் பேர் கொடுத்த அன்றைக்கு நானும் கொடுத்தேன். வயசு பத்தவில்லை என்று துரத்திவிட்டார்கள். இப்போது பத்துகிறது. இதைச் சொன்னால் அவள் நடுத்தெருவில் உட்கார்ந்து இன்னொரு அழுகை அழுவாள்.

"நீ போ அண்ணி. ஓலைக்கு முன்னாடி வந்துடறேன்."

வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் கவலையாகத் திரும்பினான்.

"பதினஞ்சு வருஷமாமே மாமு. பாதியா கொறைச்சிக் குடுப்பாங்களா?"

"தெரியாது" என்றேன். "எனக்கு முழுசா வேணும்."