உள்ளூர்க்காரரின் இதயம்

ஷிஃபாஸின் தீவைக் கடல் விழுங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தூத்துக்குடியில் பூங்கோதையோடு சேர்ந்து வாழ்வதால்தான் அவனுக்கு இந்த நாட்டில் தங்கும் உரிமை இருந்தது. அது போய்விடுமோ என்ற பயத்தில்தான் தன்னோடு இருக்கிறான் என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது. ஒருநாள் நேரடியாகவே கேட்டாள். அவன் மறுக்கவில்லை. பிரிந்துவிடலாம் என்று அவளே சொன்னாள்.

பிரிந்த பிறகும் அவன் இந்த நாட்டிலேயே இருக்க வேண்டுமானால், உறவு நடிப்பல்ல என்று குடியேற்ற அலுவலகம் நம்ப வேண்டும். அதற்கு உள்ளூர்க்காரரின் இதயத்தை மட்டும் சோதிப்பார்கள்.

அதிகாரி அவள் மார்பில் சிறு வில்லையை ஒட்டினார். "அவரைக் கொஞ்சம் பாருங்கம்மா."

வாரக்கணக்கில் அவன் முகத்தைப் பார்க்காமலே சமாளித்து வந்தவள் நிமிர்ந்தாள். சவரம் செய்யும்போது மோவாயில் வெட்டிக்கொண்டிருந்தான். மேசைமேல் இருந்த திரையில் அவள் இதயத் துடிப்பின் கோடு துள்ளி எழுந்தது.

"உண்மையான உறவுதான். இனி இவர் யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்ல," என்றார் அதிகாரி.

ஷிஃபாஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியே வந்ததும், "உனக்கு என்னை வெறுத்துப்போச்சுன்னுல்ல நெனச்சேன், கோதை," என்றான்.

"அப்படி நெனச்சாத்தான நீ நிம்மதியா போவ."

அவன் வேலை தேடிப் போகவிருந்த மதுரைப் பேருந்து வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து அவளையே பார்த்தான். அவன் மார்பிலும் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள் என்று அதிகாரியிடம் கேட்டிருக்கலாம். கேட்காததே நல்லது என்று நினைத்தபடி, பேருந்து மறையும்வரை கையசைத்தாள்.