ஸ்டியரிங் இடிக்குது

“ஏம்ப்பா, ஸ்டியரிங் என் வயித்துல இடிக்குது. கொஞ்சம் உள்ளே தள்ளி வை.”

காரை விட்டு இறங்கும்போதே உத்தரவு போட்டார் வக்கீல். அந்தப் பழைய கார் அவரைவிட ஆறு வயது மூத்தது. கோர்ட்டோ கடைத்தெருவோ, அதில்தான் போவார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“அதுக்கு மேல உள்ளே போகாது சார்.”

“ஏன் போகாது? முன்னே பின்னே நகர்த்தலாம்னுதானே இந்தக் காரையே வாங்கினேன்?”

“நகரும் சார். மடக்குக் குடைக்கம்பி மாதிரிதான். ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய். கீழே ஒரு போல்ட். அதைத் தளர்த்தினா வழுக்கிக்கிட்டு முன்னே பின்னே போகும். வேணுங்கிற இடத்துல நிறுத்தி, போல்ட்டை முறுக்கிட்டா அசையாது. உங்களுக்குத்தான் ஏற்கெனவே கடைசி வரைக்கும் தள்ளி விட்டிருக்கேனே!”

“அதை நான் எப்படி நம்பறது?”

“குனிஞ்சு பாருங்க. டேஷ்போர்டுக்கு அடியிலேயே தெரியும்.”

வக்கீல் குனிந்தார். பாதி தூரம்தான் போக முடிந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

“சரி சரி, பார்த்துட்டேன். அப்போ சீட்டைப் பின்னால தள்ளு.”

“கால் பிரேக்குக்கு எட்டாது சார்.”

“வேற என்னதான் வழி?”

“ரெண்டு பொருள் இடிச்சா ஏதாவது ஒண்ணு உள்ளே போகணும் சார். ஸ்டியரிங் போகாது.”

பட்டறையில் காத்திருந்த நாலு பேர் சிரித்துவிட்டார்கள். வக்கீலுக்கு முகம் சிவந்தது.

“உனக்கு வாய்க்கொழுப்புய்யா!”

“எனக்கு வாயோட போச்சு சார்.”

வீட்டுக்கு வந்தும் அவருக்கு ஆறவில்லை.

“நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டான். காசு கொடுக்கிறவன்கிட்ட பேசுற பேச்சா இது?”

“ரொம்பத் தப்புங்க” என்றாள் மனைவி. “வேற மெக்கானிக் பார்த்துக்கலாமே?”

“இந்தக் காரை அவனை விட்டா எவன் தொடுவான்? நான் யாருன்னு அவனுக்குக் காட்டுறேன் பாரு!”

மறுநாள் விடிகாலையில் பூங்காவுக்குக் கிளம்பிவிட்டார். முதல் நாள் ஒரு சுற்று. ஒரு வாரத்தில் ஐந்து சுற்று. கோர்ட்டில் லிஃப்ட் பக்கமே போகவில்லை. மனைவி சொல்லாமலே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். நேராகப் பட்டறைக்குப் போனார்.

“அஞ்சு கிலோ குறைச்சிருக்கேன்யா! இன்னமும் இடிக்குதே, எப்படி?”

மெக்கானிக் காருக்குள் எட்டிப் பார்த்தார். அவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“எடை மெஷின் ரிப்பேரா இருக்கும் சார்.”

“சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆகிடுச்சே?”

“துவைச்சுத் துவைச்சு லூஸ் ஆகியிருக்கும்.”

வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு காரில் ஏறினார். ஸ்டியரிங் வயிற்றில் நன்றாகவே இடித்தது.

“இப்படி ஒரு இரக்கம் கெட்ட மனுஷனைப் பார்த்ததே இல்லை” என்று வீட்டில் வந்து கத்தினார். “நாளையிலேர்ந்து பத்து சுற்று!”

மறுநாள் இன்னும் வெளிச்சம்கூட வரவில்லை, கிளம்பிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தாள் மனைவி. பிறகு உள்ளே போய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்கு வந்தாள். முன் சீட்டில் குறுக்கே படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். பக்கத்தில் செல்போன் ஸ்பீக்கரில் பேசியது.

“போல்ட் தளர்ந்துச்சாக்கா?”

“தளர்ந்துச்சு தம்பி. பழகிப்போச்சு.”

“நேத்து என்னை ரொம்பத் திட்டினாரா?”

“கொஞ்சமாவா! ஆனா அவர் கோர்ட்ல மயங்கி விழுந்தப்போ எடையைக் குறைங்கன்னு டாக்டர் சொன்னார், நான் சொன்னேன். எல்லார்கிட்டயும் எதிர்வாதம் பண்ணினார். உன்மேல வந்த கோபம்தான் தம்பி அவரை நடக்க வைக்குது. நேத்து டாக்டர், இதயம் இப்போ தேவலை, இன்னும் மூணு கிலோ குறையட்டும்னார்.”

“அப்போ நான் இன்னும் கொஞ்ச நாள் கெட்டவனாவே இருந்துக்கிறேன். இந்த வாரம் இடுப்பு எவ்வளவு இறங்கியிருக்குக்கா?”

“பேண்ட்டுக்குள்ள ரெண்டு விரல் தாராளமா போகுது.”

“அப்படின்னா ஸ்டியரிங்கையும் ரெண்டு விரல் வெளியே இழுத்துடுங்க!”