சொன்னா பலிக்காது

“நுனியில கொஞ்சம் வெட்டிப் பூ முடி குடுத்தாப் போதாதாடி? முழுசா மொட்டை போட்டாத்தான் முருகன் ஏத்துக்குவாரா?”

பழனி முடிக்கொட்டகையில் கந்தம்மாள் போட்ட சத்தத்தில், பக்கத்தில் மொட்டை போட்டுக்கொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. சுபஸ்ரீ முகத்தைச் சுற்றியிருந்த ஷாலை அவிழ்த்தாள்.

“மொட்டைன்னுதாம்மா வேண்டிக்கிட்டேன்.”

“அப்படி என்ன வேண்டுதல்? பெத்தவகிட்டச் சொல்லக் கூடாதா?”

“சொன்னா பலிக்காது.”

பாச்சலூரில் பஸ் ஏறியதிலிருந்து இதே கேள்வி, இதே பதில். மகளைப் பைகூடத் தூக்கவிடாமல் தானே சுமந்துகொண்டு, வழியெல்லாம் நச்சரித்துக்கொண்டே வந்தாள் கந்தம்மாள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. சுபஸ்ரீ சீரியல் கதாநாயகி. அந்தச் சீரியலின் தொடக்கப் பாட்டும் அவளே எழுதி, அவளே பாடியதுதான். ஆனால் சனங்கள் கொண்டாடியது என்னவோ இடுப்புக்குக் கீழே தொங்கிய அவள் பின்னலைத்தான். நேரம் போதாத நாளில் பாட்டை வெட்டிவிடுவார்கள். பின்னலை ஒரு நாளும் காட்டாமல் விட்டதில்லை.

“அடுத்த வாரம் கொடைக்கானல்ல ஷூட்டிங். மொட்டத் தலையோட போய் நின்னா வேற புள்ளையப் போட்டுருவாங்க. திருவிழா மேடையெல்லாம் பாடிப் பாடித் தொண்ட வத்திப்போயி வாங்குன எடம். அதுவும் உம் பாட்டக் கேட்டா குடுத்தாங்க? முடியப் பாத்துல்ல குடுத்தாங்க.”

“வேற ஆளப் போட்டாப் போட்டுட்டுப் போகட்டும்மா.”

முடி எடுக்கும் ஞானவேலுக்குக் கத்தியை வைக்க மனசு வரவில்லை. “எங்க வீட்டுல தெனமும் உங்க சீரியல்தான் தாயி. இன்னொரு தடவ யோசிச்சுக்கங்க.”

“யோசிச்சுட்டேன்ணே.”

“என்னமோ பண்ணு. நான் போயிச் சந்தனம் வாங்கியாரேன்,” என்று கந்தம்மாள் பையோடு எழுந்து போனாள்.

அவள் தலை மறைந்ததும் சுபஸ்ரீயின் கண்கள் நிறைந்துவிட்டன.

“வெரசா எடுத்துருங்கண்ணே. திங்கக்கெழமையில இருந்து மதுரையில எனக்குக் கேன்சர் மருந்து ஏத்தப் போறாங்க. அப்புறம் முடி தானாவே கொட்டிரும். தெரிஞ்சா அம்மா தாங்காது. சாமிக்குக் குடுத்ததாவே நெனச்சுக்கட்டும்.”

ஞானவேல் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தலையை நனைத்தார். முடி கற்றை கற்றையாக விழ, சுபஸ்ரீ தன் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தாள்.

சந்தனத்தோடு திரும்பி வந்த கந்தம்மாள் மகளின் தலையைப் பார்த்தாள். திட்டவில்லை. சந்தனத்தைக் குழைத்து, ஈரத் தலையில் மெல்லத் தடவிவிட்டாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, மகள் எழுந்த இடத்தில் உட்கார்ந்து தன் கொண்டையை அவிழ்த்தாள்.

“எனக்கும் எடுத்துரு தம்பி.”

சுபஸ்ரீ பதறிப்போனாள். “உனக்கு எதுக்கும்மா? நீ என்ன வேண்டிக்கிட்ட?”

“சொன்னா பலிக்காதுன்னியே,” என்றபடி கந்தம்மாள் கத்திக்குத் தலையைக் குனிந்துகொடுத்தாள். “உன் பையில ஆஸ்பத்திரிச் சீட்டப் பாத்துட்டேன். திங்கக்கெழமை மதுரைக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரியே போவோம்.”