பூனை தின்ற சாக்லேட்

பிராணிகள் மருத்துவமனையில் நர்ஸ் போனை எடுத்ததும் எதிர்முனையில் ஒரு ஆண் குரல் படபடத்தது.

“நம்ம ராணி சாக்லேட்டைத் தின்னுட்டாம்மா! அதுவும் கறுப்பு சாக்லேட்! பூனைக்கு அது விஷமாச்சே!”

யார் பேசுவது, எந்தப் பூனை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“பதறாதீங்க சார். எவ்வளவு தின்னுச்சு?”

“ஒரு கட்டியில கால்வாசி இருக்கும். இப்போ பத்து நிமிஷம் முன்னாடிதான். உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கட்டுமா?”

“ஐயையோ, வேண்டவே வேண்டாம்! அது இன்னும் ஆபத்து. வீட்டுல எதையும் பண்ணாதீங்க. சாக்லேட் சுத்தியிருந்த காகிதத்தையும் எடுத்துக்கிட்டு ராணியை உடனே இங்க கொண்டுவாங்க.”

“அவளுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

“சீக்கிரம் வந்தீங்கன்னா காப்பாத்திடலாம் சார்.”

“டாக்டர் இருக்காரில்ல?”

நர்ஸ் ஒரு கணம் போனையே பார்த்தாள். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

“சார்... டாக்டரே நீங்கதானே! லீவெல்லாம் போதும், கிளம்பி வாங்க.”

கால் மணி நேரத்தில், இரண்டு கால்களில் வேறு வேறு செருப்போடு, டாக்டர் பூனையை அணைத்தபடி ஓடி வந்தார். வைத்தியமும் அவரே பார்த்தார்.

பூனை சாயங்காலமே தெளிந்துவிட்டது. டாக்டர் தெளிய இரண்டு நாள் ஆயிற்று.