இரும்பு விழுந்த கொல்லை

கல்லை வெட்டிய முகத்தில் ஒன்றுமே இல்லை.

எவர்சில்வர் தட்டின் அடிப்பக்கம் போல வெறும் பளபளப்பு.

மாதம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

கொல்லைக்காட்டில் வேர்க்கடலை பிடுங்கும்போது கையில் தட்டுப்பட்ட கல். எலுமிச்சம்பழ அளவுதான். தூக்கினால் கை இறங்கியது. வானத்திலிருந்து விழுந்ததோ என்ற சந்தேகத்தில் அதை மடியில் கட்டிக்கொண்டு, பஸ் மாறி பஸ் ஏறி இந்தக் கல்லூரிக்கு வந்திருக்கிறாள்.

துணைக்கு என்று கூட வந்த கொழுந்தன், வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தான்.

“கலப்பை முனை உடைஞ்சது அண்ணி. எடைக்குப் போட்டிருந்தா பேரீச்சம்பழமாவது குடுத்திருப்பான்.”

தனியாளாக வெள்ளாமை பார்க்க இவளுக்கு என்ன தெரியும் என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு. இது கலப்பை முனையாகவே இருந்துவிட்டால், அவள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ஊர் சிரித்து முடித்திருக்கும்.

ஆய்வு மாணவி நிறைமதி கையுறை மாட்டிக்கொண்டாள். வெட்டு முகத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

பிறகு, ஒரு கோடு.

அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று. அதன்பின் நிற்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்து யாரோ பாய் முடைவது போல, முகம் முழுக்கக் கோடுகள் கிளம்பி வந்தன.

“அக்கா!” நிறைமதி லென்ஸைக் கையில் எடுத்தாள். “இந்தக் கோடு எந்த உலையிலயும் வராது. வானத்துல லட்சக்கணக்கான வருசம் மெதுவா ஆறினாத்தான் வரும்.”

லென்ஸ் வைத்துக் கோடுகளின் அகலத்தை அளந்தாள். அதை வைத்துத்தான் இரும்பு விண்கற்களை இனம் பிரிப்பார்களாம். விண்கற்களிலேயே இரும்புக் கல் அரிதிலும் அரிது.

கொழுந்தன் செல்போனில் படம் பிடித்தான்.

“எங்க கொல்லையில கெடைச்சதுங்க.”

“பேரு வைக்கணும்,” என்றாள் நிறைமதி. “ஆள் பேரை வைக்க மாட்டாங்க. கெடைச்ச எடத்தோட பேருதான். உலகம் பூரா அப்படித்தான் சொல்லுவாங்க. அந்த எடத்துக்கு என்ன பேரு?”

“தீர்த்தகிரி கொல்லை,” கொழுந்தன் முந்திக்கொண்டான். “எங்கப்பா பேரு.”

கணவன் இறந்தபின் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, போன தையில்தான் கொல்லையின் பட்டா அவள் பெயருக்கு மாறியிருந்தது.

கழுவித் துடைத்த கல்லை அவள் கையில் வாங்கிக்கொண்டாள்.

“மாதம்மா கொல்லை.”

நிறைமதி நிமிர்ந்து பார்த்தாள். “ஊர்ல அப்படித்தான் சொல்றாங்களாக்கா?”

“இனிமே சொல்லுவாங்க.”